நாற்பத்தொரு வயதில் மறுபடியும் கம்பு

2022 சித்திரையில் ஊர் அம்மன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோயில் களத்தில் பையன்கள் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகனுக்கு அப்போது பதினைந்து வயது. "மாமா, நீங்களும் நல்லா சுத்துவீங்கன்னு அம்மா சொல்லுவா. ஒரு தடவ சுத்திக் காட்டுங்களேன்" என்று கம்பை நீட்டினான். 22 வருஷமாகக் கம்பு தொடாத கை. இருந்தாலும் ஊரே பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கை மறக்கவில்லை. முன்வீச்சு, பின்வீச்சு, தலைக்கு மேல் சுற்று எல்லாம் தானாக வந்தது. கம்பு காற்றை அறுக்கும் சத்தம் கேட்டதும் பத்தொன்பது வயசு திரும்பிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம் போயிருக்கும். எதிராளியின் அடிக்கு விலகுவது போல வலது காலை ஊன்றிப் பின்னால் எகிறினேன். கெண்டைக்காலில் யாரோ கல்லை விட்டு எறிந்த மாதிரி இருந்தது. 'எவம்ல அது?' என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மறுநாள் பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டுச் சதை கிழிந்திருக்கிறது என்றார். அடுத்து பிசியோதெரபிக்குப் போனபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கல்லெறிஞ்சது யாருன்னு திரும்பிப் பாத்தீங்களா சார்?" என்பதுதான். நாற்பதைத் தாண்டியவர்கள் திடீரென்று ஷட்டில், கிரிக்கெட் என்று இறங்கினால் இப்படித்தான் வந்து நிற்பார்களாம். எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்களாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் நான் உடம்பைக் கவனிக்காத ஆள் இல்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனாலும் வாரம் மூன்று நாள் மெதுவோட்டம் போவேன். தொப்பை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்து நடை சரியானதும் அந்த அம்மா ஒரு சோதனை வைத்தார். சுவரில் விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்க வேண்டும். அடிபட்ட காலில் 9 வந்தது. அதில் வியப்பில்லை. ஒன்றும் ஆகாத இடது காலில் 12தான் வந்தது. "இருபதுக்கு மேல போகணும் சார். அதுவரைக்கும் குதிக்கிற வேலையே வேண்டாம்" என்றார். மெதுவோட்டம் மெதுவோட்டத்துக்கு வேண்டிய காலைத்தான் கொடுத்திருக்கிறது. எகிறிப் பின்வாங்குகிற காலை அது கொடுக்கவில்லை.

அந்தக் குதிகால் பயிற்சியைத்தான் இந்த மூன்று வருஷமாக ஒரு வாரம்கூட விடாமல் செய்கிறேன். முழங்காலை நேராக வைத்து உயர்த்தினால் மேலே உருண்டு தெரிகிற கெண்டைச் சதை வேலை செய்யும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி உயர்த்தினால் அதற்கு அடியில் இருக்கும் தட்டைச் சதைக்கு வேலை அதிகம். இரண்டும் வேண்டும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குவது இன்னும் நல்லது. மூன்று எண்ணி ஏற்று, மூன்று எண்ணி இறக்கு. ஒரு காலுக்கு 15 வீதம் மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். பார்க்கச் சப்பென்று இருக்கும். இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடத் தோன்றும். ஒற்றைக் காலில் 25 வந்து சேர எனக்கு நாலு மாதம் ஆனது. சதை சீக்கிரம் பலம் பிடித்துவிடும், அதை எலும்போடு கட்டியிருக்கும் நாண் அப்படியில்லை, அது மெதுவாகத்தான் தேறும். உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கும் இரண்டாவது மாதத்தில்தான் பல பேருக்கு மறுபடி அடிபடுகிறது. காரணம் அதுதான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாள் ஆசானைப் போய்ப் பார்த்தேன். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்தபடியே என் காலைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான். நாங்கள் படிக்கும் காலத்தில் முதல் மூன்று மாதம் கம்பையே தர மாட்டார். வெறுங்கையோடு காலடி, காலடி, காலடி. முன்னால் ஒரு காலடி, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. "கம்பு கையில இல்லல, கால்ல இருக்கு" என்பார். அந்த வயதில் எங்களுக்குப் புரியவில்லை. பீஸ் இல்லாமல் படிக்க வந்தவர்களை விரட்டப் பார்க்கிறார் என்று பேசிக்கொள்வோம்.

அவர் செய்ய வைத்த பயிற்சிகளை ஒரு நோட்டில் எழுதி, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்தேன். பழசு என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிட வேண்டியதில்லை. பழசு என்பதற்காகத் தள்ளவும் வேண்டியதில்லை.

முதலில் பஸ்கி, அதாவது குந்தி உட்கார்ந்து எழுவது. தினம் 100 எடுக்கச் சொல்வார். காமா பயில்வான் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் எடுத்தாராம் என்று கதையும் சொல்வார். காமாவைச் சமஸ்தானத்து மகாராஜாக்கள் சோறு போட்டு ஆதரித்தார்கள். என்னை ஆதரிப்பது ஆடிட்டர். அதனால் எண்ணிக்கையைக் குறைத்தேன். இப்போது இரண்டு கால் பஸ்கி 20 வீதம் மூன்று முறை, பிறகு ஒற்றைக் காலை முன்னால் வைத்து முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கும் பயிற்சி, காலுக்குப் 10 வீதம் மூன்று முறை. சிலம்பத்தில் இரண்டு காலும் ஒரே கோட்டில் நிற்பதே இல்லை, எடை எப்போதும் ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த இரண்டாவதுதான் களத்தில் கைகொடுக்கிறது. பக்கவாட்டில் அகலமாகக் கால் வைத்து ஒரு பக்கமாக உட்கார்ந்து எழுவதையும் சேர்த்துக்கொண்டேன். தொடையின் உள்பக்கம் பிடித்துக்கொள்ளும் தொல்லை அதற்கப்புறம் இல்லை.

வாத்து நடையை விட்டுவிட்டேன். குந்தி உட்கார்ந்தபடியே களத்தைச் சுற்றி வர வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு அது விளையாட்டு. என் முழங்கால் மூன்றாவது நாளே மூட்டுச் சிப்பிக்குக் கீழே வலிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 40 விநாடி அசையாமல் இருக்கிறேன், ஐந்து முறை. முழங்கால் வலி இருந்த காலத்திலும் இதைச் செய்ய முடிந்தது என்பது எனக்கே ஆறுதலாக இருந்தது.

பயிற்சி நேரத்தில் ஆசான் தண்ணீர் குடிக்க விட மாட்டார், அது தவறு. எத்தனையோ பையன்கள் சித்திரை வெயிலில் கண் இருட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் மூச்சு கெடும் என்பது அவர் கற்றுக்கொண்ட இடத்தில் சொன்னது. இப்போது நான் காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கிறேன், அரை மணிக்கு ஒருமுறை ரெண்டு மடக்கு குடிக்கிறேன், முடிந்ததும் உப்புப் போட்ட நீத்தண்ணி. மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஏழு மணி வெயிலே அடிக்கும்.

தண்டாலை அப்படியே வைத்துக்கொண்டேன். வெறும் புஷ்அப் மாதிரி ஏறி இறங்காமல், இடுப்பை மேலே தூக்கி நின்று, மார்பைத் தரையை உரசுகிற மாதிரி முன்னால் கொண்டுபோய் நிமிர்கிற தண்டால். தோள், நெஞ்சு, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வேலை செய்யும். எட்டு வீதம் நாலு முறை போதும். பதினைந்தாவது தண்டால் கோணலாக வருவதைவிட எட்டு சுத்தமாக வருவது மேல்.

கர்லாக்கட்டையில்தான், அதாவது கையில் பிடித்துத் தோளைச் சுற்றி வீசுகிற கனத்த மரக்கட்டையில்தான், இரண்டாவது முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கால் தேறி, கொஞ்சம் தெம்பு வந்ததும் ஒரு ஜோடி ஆர்டர் பண்ணினேன். ஒவ்வொன்றும் 4 கிலோ. ஜிம்மில் 10 கிலோ டம்பெல் தூக்குகிறவன்தானே, 4 கிலோ என்ன பிரமாதம் என்ற நினைப்பு. டம்பெல்லின் எடை கைப்பிடியின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. கர்லாவின் எடையோ கைப்பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, நுனியில் இருக்கிறது. தலைக்குப் பின்னால் சுற்றி இறங்கும்போது அந்த நுனி தோளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பத்து நாளில் இடது தோளில் வலி. சட்டை போடக் கையைத் தூக்கினால் உயிர் போய்விடும்.

அப்புறம் ஒன்றரைக் கிலோ கட்டையில் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு கையால் ஒரு பக்கம் 20 சுற்று, மறுகைக்கு 20. மூச்சை அடக்காமல், கட்டை தானாக விழும் வேகத்துக்கு உடம்பைக் கொடுத்து. மூன்று மாதம் கழித்து 2 கிலோ. இன்றும் அதற்கு மேல் போகவில்லை. தோளுக்காக இன்னொன்றும் செய்கிறேன். பழைய சைக்கிள் டியூபை அறுத்து ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாக இழுப்பது. 15 வீதம் மூன்று முறை. கம்பு சுற்றுகிறவர்களின் தோள் முன்பக்கமாகவே இழுபட்டுப் போகும், அதைப் பின்னால் இழுத்து நிறுத்த இது வேண்டும். (பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் கட்டைச் சுற்றை நம் நாட்டில் பார்த்து எடுத்துப் போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸோடு கட்டைச் சுற்றலும் ஒரு போட்டியாக இருந்தது. நாம்தான் பரணில் போட்டுவிட்டோம்.)

கர்லா கிடைக்காதவர்கள் உலக்கையை நடுவில் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் இடவலமாக மெதுவாகத் திருப்பலாம். நான் செய்தேன். பூண் கழன்று அம்மாவிடம் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

பிடிக்கு நான் பெரிதாகச் செலவு பண்ணவில்லை. ஆசான் மணல் வாளியில் விரலைக் குத்தி விரிக்கச் சொல்வார். அதைச் செய்கிறேன், விரலை மடக்கும் பலத்துக்கு எதிர்ப் பலம் அதில்தான் வருகிறது. மற்றபடி இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கையில் தொங்கவிட்டு மாடியில் நடப்பது. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் இரண்டு கைக்கும் 30 கிலோ. நிமிர்ந்து, தோள் தொங்காமல், 30 அடி தூரம் நாலு நடை. பிடி மட்டுமில்லை, இடுப்பும் வயிறும் சேர்ந்து இறுகும். செடிக்குத் தண்ணீர் ஊற்றின மாதிரியும் ஆச்சு.

இவ்வளவும் சேர்ந்த பிறகு, 2023 தொடக்கத்தில் மருமகனோடு தொடுமுறை விளையாடிப் பார்த்தேன். கம்பின் நுனியால் எதிராளியைத் தொட்டால் புள்ளி. கால் வலிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் நாக்கு தள்ளிவிட்டது. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு ஒன்றரை நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது! அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் உக்காருங்க மாமா" என்றது அடியைவிடக் கூடுதலாக வலித்தது.

காரணம் பிறகு புரிந்தது. சண்டையில் ஒரே சீரான வேகம் கிடையாது. நாலு விநாடி பாய்ச்சல், பத்து விநாடி சுற்றி வருவது, மறுபடி பாய்ச்சல். மெதுவோட்டம் அந்தப் பத்து விநாடியில் மூச்சைத் திரும்பப் பிடிக்க உதவும், அதனால் அதை விடக் கூடாது. வாரம் இரண்டு நாள் 40 நிமிடம், பக்கத்தில் வருகிறவனோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில். பாய்ச்சலுக்கு வேறு பயிற்சி வேண்டும். ஜப்பானில் தபாட்டா என்ற ஆய்வாளர் 1996ல் வெளியிட்ட முறை பிரபலம்: 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, எட்டு முறை. மொத்தம் நாலே நிமிடம். ஆனால் அவர் பார்த்தது சைக்கிளில், இதற்கு மேல் முடியாது என்கிற வேகத்தில். இப்போது கைதட்டிக் குதிப்பதையெல்லாம் தபாட்டா என்கிறார்கள். நான் அசலை ஒருமுறை செய்து பார்த்தேன், அன்றைக்கு ஆபீஸில் ஒரு கணக்கும் ஒழுங்காக வரவில்லை.

எனக்கு ஒத்துவந்தது ஸ்கிப்பிங் கயிறு. 30 விநாடி வேகமாக, 30 விநாடி நடை, பத்து முறை. வாரம் ஒரே ஒரு நாள். இரண்டாவது நாளில் அதே கணக்கில் கயிற்றுக்குப் பதில் வெறுங்கைக் காலடி, தலை மேலே கீழே ஆடாமல், தரையை உரசுகிற மாதிரி. மொட்டை மாடி சிமென்ட் தரையில் குதித்துக் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலி வந்த பிறகு, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்து மண்ணுக்கு மாறிவிட்டேன். முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். பத்தாவது முறை முடிந்ததும் நாடியை எண்ணுவேன், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவேன். முதலில் ஒரு நிமிடத்தில் 18 குறைந்தது. இப்போது 35 குறைகிறது. தராசில் ஏறி எடை பார்ப்பதைவிட இது உண்மையைச் சொல்லும்.

இத்தனையையும் எப்போது செய்வது என்பதில் நான் ஒரு வருஷம் தவறு செய்தேன். ஆசான் பழக்கத்தில் முதலில் பஸ்கி, தண்டால், கர்லா எல்லாம் முடித்து, கை கால் துவண்ட பிறகு கம்பை எடுப்பேன். துவண்ட கால் காலடியைச் சரியாக வைக்காது. அந்தத் தவறான காலடியையே உடம்பு படித்துக்கொள்ளும். இரட்டைக் கம்பு சுற்றும்போது என் கம்பே என் புருவத்தில் பட்டு இரண்டு தையல் போட்டது இப்படி ஒரு நாளில்தான். அதற்கப்புறம் முறையை மாற்றினேன். பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவது, உடனே கம்பு, கடைசியில்தான் பலப் பயிற்சி. மருமகனோடு விளையாடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் காலுக்கு ஒன்றும் கிடையாது.

சூடேற்றுவதைச் சோம்பலில் விடுகிறவர்களுக்கு நான் புரூஸ் லீயைத்தான் சொல்வேன். 1970ல் முதுகில் எடை வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியில், உடம்பு சூடாகும் முன்பே இறங்கியதால் முதுகில் அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தார். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்கிற நமக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். நான் இடுப்பின் முன்பக்கத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறேன். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றதை முன்னால் வைத்து, இடுப்பை முன்னால் தள்ளி அரை நிமிடம். வரி தாக்கல் செய்யும் மாதங்களில் இதைச் செய்யாமல் களத்துக்குப் போனால் இடுப்பு திரும்பவே மாட்டேன் என்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். மூன்று வேளையும் சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டுவிட்டுத் தசை ஏன் தேறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் எழுதிக் கணக்குப் போட்டால், 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளில் வந்த புரதம் 45 கிராம்கூட இல்லை. பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே வேண்டும். பவுடர் டப்பா வாங்கவில்லை. காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், வாரம் மூன்று நாள் மீன், சோறு ஒரு கரண்டி குறைவு. இரவு பத்தரைக்குப் படுக்கை. தூக்கம் கெட்ட மறுநாள் பாதிப் பயிற்சிதான். இதில் வீராப்பு காட்டுவதில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்த பிறகு மருமகனுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. அவனைப் பார்த்து ஊரில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதில் நாலு பொண்ணுகள். ஞாயிற்றுக்கிழமை களத்தில் இடம் போதவில்லை. என் வேலை வெறுங்கைக் காலடி சொல்லிக் கொடுப்பது. கம்பு எப்போ தருவீங்க என்று அதுகள் என்னைக் கேட்கின்றன.

போன ஞாயிறு மருமகனோடு மூன்று நிமிடம் இரண்டு சுற்று. அவன் ஏழு தொடு, நான் மூன்று. பொங்கலுக்கு விளையாடியபோது எனக்குப் பூஜ்யம். மூச்சு வாங்கியது, ஆனால் உட்காரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு திண்ணைப் பக்கம் பார்த்தேன். ஆசான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பின்னால வாங்கும்போது இடது குதிகால் இன்னும் லேசா லேட்டா வருது பாரு" என்றார்.